எட்டாத குண்டுக்கு முழுப் புள்ளி

என் கேள்வி பிழை. அவளுடைய விடை சரி. அது தெரிந்திருந்தும் அவளுக்குப் பூச்சியம் போட்டவள் நான்.

இந்த மூன்று வசனங்களை எழுத எனக்கு இருபது வருடம் எடுத்திருக்கிறது. நீங்கள் கணக்குப் படித்தவரோ படிக்காதவரோ, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றிச் சிறிது சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால், "ஒரு கேள்விக்குப் பூச்சியம் போட்டதற்கா இந்தப் புலம்பல்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவீர்கள். போகாதீர்கள்... நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மன்னிக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. கேட்டால் மட்டும் போதும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கற்பிட்டிக் கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பாடத்தை எடுத்த ஒரே பெண் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள், சேர்மார். பிள்ளைகள் எனக்குப் பின்னால் வைத்த பெயர் 'கமாண்டர்'. அது என் காதுக்கு வந்தபோது கோபப்பட்டதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா! கண்ணாடியின் முன் நின்று பர்தாவைச் சரிசெய்யும்போது அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெட்கக்கேடு!

என் வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? புள்ளிப்படி வரிசை. கூடின புள்ளி முன்னால், குறைந்தது பின்னால். மாதத்துக்கு ஒரு சோதனை, சோதனைக்கு ஒரு இடமாற்றம். கணக்கைச் செய் என்று நான் சொன்னதே இல்லை. "அடி!" என்பேன். "உடை!" என்பேன். "எதிரியைப் பார்க்கிற மாதிரிப் பார்" என்பேன். எனக்குப் படிப்பித்த சேரும் அப்படித்தான் கத்துவார். அவரைவிடச் சத்தமாகக் கத்தினால்தான் என்னையும் கணக்கு டீச்சர் என்று நம்புவார்கள் என்று நினைத்தேன். நம்பவும் செய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கற்பிட்டியில் பிறந்தவள் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எங்களை இயக்கக்காரர்கள் துவக்குமுனையில் மன்னாரை விட்டுப் போகச் சொன்னார்களே, அந்தச் சனத்தில் ஒருத்தி. பதினொரு வயது. ஒரு வள்ளத்தில் கால் நீட்ட இடமில்லாமல் நாற்பது பேர். உம்மாவின் மடியில் தம்பி, தம்பியின் மேல் ஒரு மூட்டை, மூட்டையின் மேல் என் தலை. அதன் பிறகு ஓலைக்கொட்டில், தண்ணீர் வரிசை, 'அகதி' என்ற பட்டம்... இவை எல்லாவற்றிலிருந்தும் என்னை வெளியே எடுத்தது கணக்கு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எடுத்து எங்கே வைத்தது? அதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இணைந்த கணிதத்தில் எறியம் என்று ஒரு பாடம் இருக்கிறது. எறிந்த பொருள் எங்கே போய் விழும் என்று கணிப்பது. பந்தை எறியலாம், கல்லை எறியலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விசிறலாம். ஆனால் எங்கள் வினாத்தாள்களில் முக்கால்வாசிக்குப் பீரங்கிதான். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று கோணம் பார்ப்பதுதான் மாணவனின் வேலை. குண்டு போய் விழுகிற இடத்தில் யாரும் நின்று பார்த்ததில்லை. அத்தனை வருடம் நானும் பீரங்கியின் பக்கம்தான் நின்றேன். வள்ளத்தில் வந்தவள் நான்! ஒருநாளாவது கால் கூசவில்லையே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் கல்வி வலயத்தின் மாதிரிப் பரீட்சைக்கு வினாத்தாள் எடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ஒரு பெண் அதில் இருப்பது அதுதான் முதல்முறை. பாலாவிச் சந்திக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஐந்து சேர்மார், நான். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவர வேண்டும்.

நான் கொண்டுபோனது உப்புக் கேள்வி. அந்தப் பக்கத்து உப்பளத்தில் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறிப்போய் உப்பைக் கொட்டுவதை பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலகையின் சாய்வு இவ்வளவு, கூடையின் திணிவு இவ்வளவு, அவள் வழுக்காமல் ஏற வேண்டுமானால் உராய்வு குறைந்தது எவ்வளவு வேண்டும்? மூன்று நாள் இருந்து எழுதிய கேள்வி. நல்ல கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், மிக நல்ல கேள்வி!

குழுவுக்குத் தலைமை தாங்கிய சேர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன டீச்சர் இது? பொம்பள வழுக்கி விழுறதெல்லாம் ஒரு கணக்கா?"

சிரித்தார்கள். ஐந்து பேரும்தான். ஒருவர், "அடுத்த முறை தேங்கா துருவுற கணக்கொண்டு கொண்டு வருவாங்க" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? எழும்பி வந்தேனா? வாதாடினேனா? இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "பத்து நிமிசம் தாங்க சேர், வேற ஒண்டு தாறன்" என்றேன்.

பத்து நிமிடத்தில் எழுதினேன். கடலோரத்தில் ஒரு கோட்டை. மதிலின் உயரம் பத்து மீற்றர். மதிலின் மேல் ஒரு பீரங்கி. இருநூறு மீற்றர் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு வள்ளம். பீரங்கியை இரண்டு கோணங்களில் திருப்பிச் சுட்டாலும் குண்டு வள்ளத்தில் படும் எனக் காட்டி, அந்த இரண்டு கோணங்களுக்கும் இடையிலான தொடர்பைக் காண்க. சேர் வாசித்தார். "ஆ! இதுதான் கணக்கு! டீச்சர் சுட்டா ரத்தம் வரும்" என்றார். அப்போது எனக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே... அதை நினைத்தால் இப்போதும் என் முகம் எரிகிறது.

குண்டின் வேகம் நூற்று நாற்பது என்று எழுத வேண்டியது. அவசரத்தில் நாற்பது என்று எழுதினேன். ஒரு ஒன்று விடுபட்டது, அவ்வளவுதான்!

அந்த ஒன்று ஏன் யாருடைய கண்ணிலும் படவில்லை என்று கேட்பீர்கள். அதுதான் இந்தக் கணக்கின் சூது. சமன்பாட்டை எழுதினால் இரண்டு மூலங்கள் வர வேண்டும். ஆனால் அவற்றைத் தனித்தனியே காண வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டினால் என்ன, பெருக்கினால் என்ன என்று எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். அந்த விடையில் வேகமே இருக்காது, வெட்டுப்பட்டுப் போய்விடும். ஆகவே வேகம் நூற்று நாற்பதானாலும் நாற்பதானாலும் விடை ஒன்றுதான். ஐந்து சேர்மாரும் செய்து பார்த்தார்கள். ஐந்து பேருக்கும் விடை வந்தது. நாற்பதில் சுட்டால் அந்தக் குண்டு வள்ளத்துக்கு எட்டாது, முப்பது மீற்றர் முன்னமே கடலில் விழுந்துவிடும் என்பதை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

பரீட்சை நடந்தது. கேள்வி எடுத்தவர்தான் வலயம் முழுவதற்கும் அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும் என்பது வழக்கம். விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக என் வீட்டுக்கு வந்தன. எல்லாப் பிள்ளைகளும் வள்ளத்தை அடித்திருந்தார்கள். சரியாகச் செய்தவர்களும் அடித்திருந்தார்கள், பிழையாகச் செய்தவர்களும் எப்படியோ அடித்திருந்தார்கள். படும் எனக் காட்டு என்றால் படும் எனக் காட்டத்தானே நாங்கள் பழக்கியிருந்தோம்?

ஒருத்தி மட்டும் அடிக்கவில்லை.

ஹஸ்மியா. என் வகுப்புப் பிள்ளை. இரண்டாம் வரிசை. வாப்பா கடலுக்குப் போகிறவர். அதிகம் கதைக்காத பிள்ளை. சமன்பாட்டை எழுதிவிட்டு, மற்றவர்களைப்போலச் சூத்திரத்துக்குப் போகாமல், அவள் மூலங்களைத் தேடிப் போயிருந்தாள். மெய்யான மூலங்கள் இல்லை. திரும்பவும் செய்திருந்தாள். இல்லை. மூன்றாம் தரம் வேறு வழியில், குண்டு போகக்கூடிய ஆகக் கூடின தூரத்தைக் கண்டிருந்தாள். நூற்று எழுபது மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் நீல மையில், அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'ஆகவே எந்தக் கோணத்தில் சுட்டாலும் குண்டு வள்ளத்தில் படாது. வள்ளத்துக்கு ஆபத்து இல்லை.'

ஒரு வெற்றுத்தாளை எடுத்தேன்.

நான் செய்து பார்த்தேன். அவள் சரி. இன்னொரு முறை செய்து பார்த்தேன். அவள் சரி! வினாத்தாளை எடுத்தேன். நாற்பது. என் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். அதிலும் நாற்பது. தட்டச்சு செய்தவர் மேல் பழிபோடவும் வழியில்லை.

என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சேருக்கு அறிவித்து, கேள்வியை நீக்கி, எல்லோருக்கும் புள்ளியை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அவளுக்கு முழுப் புள்ளியும் கொடுத்து, எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது கேட்டது அந்த மண்டபத்துச் சிரிப்புத்தான். 'பொம்பளையக் குழுவில போட்டா இப்பிடித்தான்.' சொல்வார்களா மாட்டார்களா? கட்டாயம் சொல்வார்கள். ஒரு சேர் பிழை விட்டால் அது அவருடைய பிழை. நான் விட்டால் அது பெண்களின் பிழை. எனக்குப் பிறகு வருகிற டீச்சர்மாருக்கும் கதவு அடைபடும்... இப்படியெல்லாம் எனக்கு நானே கதை சொன்னேன். பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல நியாயம்! வரப்போகிற பெண்களுக்காக, வந்து நின்ற ஒருத்தியை வெட்டினேன்.

சிவப்புப் பேனையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். 'வினாவுக்கு விடையளிக்கப்படவில்லை' என்று எழுதினேன். பூச்சியம்.

அதோடு விட்டேனா? இல்லை. அடுத்த நாள் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். வேறு யாரிடமாவது போய்க் கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

"படும் எனக் காட்டுக என்டுதானே கேட்டிருக்கு? நீ என்னத்துக்குத் தேவையில்லாத வேலை பார்த்தாய்?"

அவள் கைவிரலைப் பிசைந்தாள். "குண்டு பட்டா வள்ளத்துல இருக்கிற ஆக்கள் என்னாவாங்க என்டு யோசிச்சன் டீச்சர். அப்ப உண்மையிலயே படுமா என்டு ஒருக்காப் பார்ப்பம் என்டுதான்..."

"வள்ளத்தில ஒருத்தரும் இல்ல. அது ஒரு துணிக்கை. விளங்கிச்சா? கணக்கில அது ஒரு புள்ளி."

"ஓம் டீச்சர்."

போகத் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என்ட விடை பிழையா டீச்சர்?"

அவள் கண்ணில் சண்டை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். நான் சொல்வதை அப்படியே நம்புவதற்கு ஆயத்தமாக நின்றாள். நான் அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பிழை."

ஒற்றைச் சொல்! பூச்சியத்தைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன். தாளில் போட்டதை யாராவது அழிக்கலாம். அவளுடைய மனதில் நான் போட்டதை யார் அழிப்பது?

அதன் பிறகு நடந்ததெல்லாம் மிகச் சாதாரணமாக நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாதிரிப் பரீட்சையில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கணிதப் பிரிவிலிருந்து கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பெரிய பரீட்சையில் பள்ளிக்கூடத்தின் பெறுபேறு கெடக் கூடாதல்லவா! ஹஸ்மியாவுக்கு முப்பத்தொன்று. அந்தக் கேள்விக்குப் பதினைந்து. நான் கொடுத்திருந்தால் நாற்பத்தாறு. மற்றக் கேள்விகளில் ஏன் குறைந்தது என்று பார்த்தேன். என் கேள்வியை மூன்று தரம் செய்ததில் அவளுக்கு நேரம் போதாமல் போயிருக்கிறது. என் பிழையைக் கண்டுபிடித்ததற்கு அவள் இரண்டு முறை தண்டம் கட்டினாள்.

மாற்றும் படிவத்தில் பாட ஆசிரியர் காரணம் எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'கணிதப் பிரிவுக்குப் பொருத்தமற்றவர்.' கையொப்பம். திகதி.

அவளுடைய வாப்பா வந்தார். கடலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சாரத்தின் விளிம்பு ஈரமாக இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அழுக்காகிவிடும் என்று நின்றார்.

"டீச்சர், புள்ள ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல. கணக்குலதான் அவளுக்கு உசிரு. இன்னொரு தரம் பார்க்க ஏலாதா?"

"ஏலாது நானா. பொம்புளப் புள்ளையளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம். பிறகு அவ பெயிலாகி வீட்டில இருந்து அழுறதவிட இது நல்லம்."

என் வாய்தான் சொன்னது! பொம்புளப் பிள்ளைகளுக்குக் கஷ்டமாம்! அந்த ஐந்து சேர்மாரும் சேர்ந்துகூட என்னிடம் நேரே சொல்லத் துணியாத வசனம். அதை நான், ஒரு பெண், ஒரு தகப்பனின் முகத்துக்கு நேரே, 'நானா' என்று அண்ணன் முறை சொல்லி, இரக்கப்படுவதுபோலக் குரலை இறக்கிச் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். நாங்க என்னத்தக் கண்டம்" என்றார். போய்விட்டார்.

அவள் கலைப்பிரிவில் நாலு மாதம் இருந்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் கலியாணம் என்று கேள்விப்பட்டேன். அழைப்பும் வந்தது. நான் போகவில்லை, ஒரு தேநீர்க் கோப்பைப் பெட்டி வாங்கி அனுப்பினேன்.

எனக்கு என்ன நடந்தது? நன்றாகத்தான் நடந்தது! அடுத்த வருடமும் குழுவில் போட்டார்கள். அதற்கடுத்த வருடமும். பிறகு ஆசிரிய ஆலோசகர். மேடையில் ஏற்றி, 'பெண்களுக்கு முன்மாதிரி' என்று மாலை போட்டார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். சண்டை முடிந்தது, சோதனைச் சாவடிகளைக் கழற்றினார்கள், கடற்கரை முழுவதும் வெள்ளைக்காரர்களுக்கான விடுதிகள் வந்தன. என் வினாத்தாள்களில் மட்டும் பீரங்கி நின்றபடியே நின்றது. வேறு மாதிரி எழுதினால் அன்றைய நாள் ஞாபகம் வந்துவிடும் என்ற பயமா? அல்லது அந்தச் சேர்மாரில் ஒருவராகவே ஆகிவிட்டேனா? இரண்டும்தான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய். இருபது வருடம் உறுத்தாதது இப்போதா உறுத்தும்? காரணம் வேறு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், என் வீட்டு டியூஷன் வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கூடவே பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவள் முகத்திரையைத் தூக்கிச் சிரித்தாள்.

"மறந்துட்டீங்களா டீச்சர்? ஹஸ்மியா."

அல்லாஹ்வே! திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நொடி, திட்டட்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ என்ட மகள். உயர்தரத்துக்குக் கணக்குத்தான் எடுப்பன் என்டு ஒத்தக் கால்ல நிக்கிறா. எனக்குத்தான் மண்டையில ஒண்டும் இல்லையே, ஒங்களுக்குத் தெரியும்தானே! அதான் ஒங்கள்ட்டக் கூட்டிட்டு வந்தன். சரிவராட்டி நேராச் சொல்லிருங்க டீச்சர். நீங்கதான் உள்ளத உள்ளபடி சொல்ற ஆள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்தலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. ஒரு துளி குத்தலும் இல்லை. இருபது வருடமாக அவள் தன்னை மக்கு என்று நம்பியிருக்கிறாள்! புருசனிடம் சொல்லியிருப்பாள், மாமியாரிடம் சொல்லியிருப்பாள், பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போதும் சொல்லியிருப்பாள். அந்த வலயத்தில் அன்றைக்குச் சரியாகக் கணக்குப் பார்த்த ஒரே ஆள்!

சொல்லியிருக்கலாம். அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம். 'நீ சரி ஹஸ்மியா, நான்தான் பிழை.' எத்தனை சொல்? ஆனால் உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது, "புள்ளைய உள்ளுக்கு அனுப்புங்க. பார்ப்பம்."

மகளை முன் வரிசையில் இருத்தினேன். நான்கு வகுப்பு நடந்துவிட்டது. பிள்ளை கெட்டிக்காரி. எதைக் கொடுத்தாலும் விடை வந்த பிறகும் பேனையை வைக்க மாட்டாள், திரும்பவும் முதலிலிருந்து பார்ப்பாள்.

நேற்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, அவள் கொப்பியை மூடாமல் இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"டீச்சர், ஒண்டு கேக்கவா? எங்கும்மா கணக்குல அவ்வளவு மோசமா? நான் வீட்டுல கணக்குச் செய்றப்ப பக்கத்துல வந்து நிப்பாங்க. நான் பிழை விட்டா, காட்டித் தர மாட்டாங்க, ஆனா மூச்சு நிண்டுரும். திருத்தினாத்தான் மூச்சு விடுவாங்க. ஒங்களுக்குத்தானே தெரியும்... உண்மையிலயே எங்கும்மாக்குக் கணக்கு வராதா?"

யாரும் இல்லை. நானும் அந்தப் பிள்ளையும்தான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனிமேல் கிடைக்காது.

நான் வெண்கட்டித் தூசைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு சொன்னேன்:

"அதெல்லாம் பழைய கதை. நீ ஒன்ட கணக்கப் பாரு."

"ஓம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் கொப்பியை மூடினாள்.